பன்னிரண்டு புள்ளிகள் யார் கணக்கில் ஏறும்?

போன ஞாயிற்றுக்கிழமை படிப்பு வட்டத்தில் ஒரு சட்டக் கல்லூரி மாணவர் கேட்டார்: "அண்ணே, அபராதம்னா காசு இருக்கிறவன் கட்டிட்டுப் போயிடுறான். வெளிநாட்டுல மாதிரி லைசென்ஸுக்குப் பாயிண்ட் சிஸ்டம் வந்தா எல்லாருக்கும் ஒரே தண்டனைதானே? நாம அதை ஆதரிக்கணும்தானே?"

நேரம் போதாமல் அன்று பாதியில் நிறுத்திய பதிலை இங்கே எழுதுகிறேன். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் "எல்லாருக்கும் ஒரே தண்டனை" என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் தோழர்களே. இந்த நாட்டில் எல்லாருக்கும் ஒன்று என்று எழுதி வைத்தவை எப்படி நடக்கின்றன என்று நமக்குத் தெரியாதா?

முதலில் முறை என்ன என்று பார்த்துவிடுவோம். சாலை விதியை மீறினால் அபராதத்தோடு சேர்த்து உங்கள் லைசென்ஸ் கணக்கில் சில புள்ளிகள் ஏறும். குறிப்பிட்ட காலத்துக்குள் ஓர் எல்லையைத் தொட்டால் லைசென்ஸ் போகும். தப்பு செய்யாமல் இருந்தால் பழைய புள்ளிகள் காலாவதியாகும். பிரிட்டனில் 1982 முதல் இது நடப்பில் இருக்கிறது. வேக வரம்பைத் தாண்டினால் குறைந்தது 3 புள்ளி. ஓட்டிக்கொண்டே கைபேசியைக் கையில் எடுத்தால் 6. மூன்று ஆண்டுக்குள் 12 சேர்ந்தால் பொதுவாக ஆறு மாதமாவது ஓட்டத் தடை. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் முதல் இரண்டு ஆண்டுக்குள் 6 வாங்கினாலே ரத்து, மறுபடி எல்.எல்.ஆர். போட்டுத் தொடங்க வேண்டும். ஜெர்மனியில் 2014 மே மாதத்திலிருந்து எல்லை 8 புள்ளி; அதற்கு முன்பே எழுத்தில் எச்சரிக்கை வந்துவிடும். இத்தாலியில் தலைகீழ்க் கணக்கு. 20 புள்ளியைக் கையில் கொடுத்துவிட்டு, தப்புக்கு ஏற்பக் கழித்துக்கொண்டே வருவார்கள்.

நம் நாட்டுக்கு இது புதிய பேச்சு இல்லை. 2014இல் ஒன்றிய அரசு வெளியிட்ட சாலைப் போக்குவரத்து, பாதுகாப்பு மசோதாவின் வரைவில் புள்ளி முறை இருந்தது, அது சட்டமாகவில்லை. 2017 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் கொண்டுவந்தார்கள். 24 மாதத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால் ஓராண்டு லைசென்ஸ் முடக்கம் என்பது அங்கே விதியாக இருந்தது. 2025இலும் ஒன்றிய அமைச்சகம் இதை யோசிப்பதாகச் செய்திகள் வந்தன. ஆகவே இன்றோ நாளையோ இது வரும். வந்த பிறகு கத்துவதைவிட வருவதற்கு முன் யோசிப்பது மேல்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாலை விதி வேண்டாம், ஹெல்மெட் வேண்டாம் என்று பேசும் கூட்டம் நாம் இல்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். 32,825 பேர் நடந்து போனவர்கள். அரசு அறிக்கையில் செத்தவர்களின் சாதி கிடையாது. ஆனால் ஏர்பேக் உள்ள காரில் போகிறவர்கள் யார், சாலையோரம் நடந்து போகிறவர்கள் யார் என்று கண்டுபிடிக்க அறிக்கை வேண்டியதில்லை. சாலை பாதுகாப்பாக இருப்பதில் நமக்குத்தான் அதிக அக்கறை இருக்க வேண்டும்.

அபராதத்தைப் பற்றி அந்த மாணவர் சொன்னது முழுக்கச் சரி. ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 319 ரூபாய். ஒரு கூலித் தொழிலாளிக்கு அது மூன்று நாள் வெயில். ஒரு ரியல் எஸ்டேட் அதிபருக்கு அது ஓட்டலில் வைக்கும் டிப்ஸ். பின்லாந்தில் இதற்கு வேறு வழி கண்டார்கள். பெரிய வேக மீறலுக்கான அபராதத்தை அங்கே வருமானத்தைப் பார்த்துப் போடுகிறார்கள். 2023இல் ஓலண்ட் தீவுகளில் ஆண்டர்ஸ் விக்லோஃப் என்ற கோடீஸ்வரர் 50 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய சாலையில் 82இல் போனதற்கு 1,21,000 யூரோ கட்டினார். கேட்கவே மனசுக்கு இதமாக இருக்கிறது. நம் ஊரில் இப்படி ஒரு சட்டம் வந்தால் எல்லா முதலாளிகளும் வருமானமே இல்லாதவர்களாக மாறிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

புள்ளியைக் காசு கொடுத்து அழிக்க முடியாது. பன்னிரண்டு என்றால் அமைச்சருக்கும் பன்னிரண்டுதான், ஆட்டோக்காரருக்கும் பன்னிரண்டுதான். அதன் கவர்ச்சி அங்கேதான் இருக்கிறது. சரி, அமைச்சரையே எடுத்துக்கொள்வோம். கிறிஸ் ஹூன் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதியின் கார் 2003இல் வேகக் கேமராவில் சிக்கியது. லைசென்ஸ் போய்விடும் நிலை. காரை ஓட்டியது நான்தான் என்று அவர் மனைவி விக்கி ப்ரைஸ் புள்ளிகளைத் தன் கணக்கில் வாங்கிக்கொண்டார். ஹூன் பிறகு அமைச்சரும் ஆனார். கல்யாணம் முறிந்து, விஷயம் வெளியே வந்து, 2013 மார்ச்சில் இருவருக்கும் எட்டு மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். தம்பதி சண்டை போடாமல் இருந்திருந்தால் இது வெளியே வந்திருக்குமா என்று யோசியுங்கள்.

அங்கே மனைவி. இங்கே யாராக இருக்கும்? சம்பளத்துக்குக் கார் ஓட்டும் டிரைவர்தான். 2024 மே மாதம் புனேயில் சொகுசுக் கார் மோதி இரண்டு இளைஞர்கள் செத்த வழக்கில், காரை ஓட்டியது நான்தான் என்று ஒப்புக்கொள்ளும்படி வீட்டு டிரைவரை மிரட்டி அடைத்து வைத்தார்கள் என்பது போலீஸே வைத்த குற்றச்சாட்டு. உயிர் போன வழக்கிலேயே இப்படி என்றால், மூன்று புள்ளிக்கு என்ன நடக்கும்? "நீ ஏத்துக்கடா, பார்த்துக்கலாம்" என்ற ஒரு வார்த்தை போதும். ஜெர்மனியில் பணம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் புள்ளியை ஏற்பதே ஒரு வியாபாரமாக நடந்தது. இங்கே அதற்குப் பணம்கூடத் தேவைப்படாது.

இன்னொரு கதவு, பிரிட்டன் சட்டமே திறந்து வைத்திருப்பது. பன்னிரண்டு சேர்ந்த பிறகும், "லைசென்ஸ் போனால் அசாதாரணமான கஷ்டம் வரும்" என்று நீதிமன்றத்தை ஏற்க வைத்தால் தடையை நீக்கலாம் அல்லது குறைக்கலாம். கேட்பதற்கு மனிதாபிமானமாக இருக்கிறது. ஆனால் அங்கே நீதிபதிகளுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டுதல் என்ன சொல்கிறது தெரியுமா? வேலை போகும் என்பது மட்டும் அசாதாரணக் கஷ்டம் ஆகாது. தடை விதித்தால் பலருக்கும் வேலை போகத்தான் செய்யும். அதாவது டெலிவரி வேன் ஓட்டுகிறவர் வேலை இழப்பது சாதாரணக் கஷ்டம். தன்னை நம்பி வேறு பலர் இருக்கிறார்கள் என்று காட்டக்கூடியவரின் கஷ்டத்துக்கு எடை அதிகம். 2019இல் நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் கூகன், தான் கார் ஓட்ட முடியாவிட்டால் தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு நிற்கும், பலருக்கு வேலை போகும் என்று வாதாடினார். ஆறு மாதத் தடை இரண்டு மாதமானது. அவர் சொன்னதில் பொய் இல்லை. நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன் வாதாட முடியும். சம்பளம் வாங்குகிறவன் முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரான்ஸ் நாட்டு லாரி டிரைவர்களுக்கு இது 1992இலேயே புரிந்தது. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று புள்ளி முறை வந்தது. உடனே லாரிகளைக் குறுக்கே நிறுத்தி நெடுஞ்சாலைகளை மறித்துவிட்டார்கள். விடுமுறைக்குக் கிளம்பியவர்களெல்லாம் சாலையில் சிக்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் எடுக்கிறவருக்கும், நாள் முழுக்கச் சாலையிலேயே கிடக்கிறவருக்கும் ஒரே கணக்கா? அவருக்கு லைசென்ஸ் போனால் பேருந்தில் போவார். எனக்குப் போனால் அடுப்பு எரியாது. இதுதான் சாலை மறித்தவர்களின் பிரச்சினை. முதலில் 6 புள்ளியாக இருந்த எல்லை அந்த ஆண்டு முடிவதற்குள் 12 ஆனது.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன்.

குட்டியானையில் ஏறிக் கூலி வேலைக்குப் போகும் பெண்களை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நாற்று நட, கரும்பு வெட்ட, கட்டட வேலைக்கு. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றபடியே போவார்கள். உங்களில் பலருடைய அம்மாவும் அப்படிப் போனவர்தான். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது குற்றம். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015 ஆகஸ்டில், வேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது ஆகியவற்றோடு இதையும் சேர்த்து, குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை முடக்கச் சொன்னது. சரிதான், அந்தப் பயணம் ஆபத்தானது. வண்டி கவிழ்ந்து கும்பலாகச் சாவதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்த வண்டியில் ஆள் ஏற்றச் சொன்னது யார்? ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேசியது யார்? மேஸ்திரி, காண்டிராக்டர், தோட்டக்காரர். அவர்களில் யாருடைய லைசென்ஸுக்கும் ஒன்றும் ஆகாது. சேரியிலிருந்து எட்டாவதோ பத்தாவதோ படித்துவிட்டு, கடனில் வண்டி எடுத்த பையனின் லைசென்ஸ்தான் போகும். ஸ்டியரிங்கில் யார் கை இருந்தது என்பதை மட்டும்தான் புள்ளி முறை பார்க்கும். ஓட்டச் சொன்ன வாயை அது பார்க்காது.

அண்ணல் அம்பேத்கருக்குச் சாலிஸ்காவில் நேர்ந்த விபத்து நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதை ஒரு சாலை விபத்தாக யாராவது யோசித்துப் பார்த்திருக்கிறோமா? 1929இல் மகார்வாடாவுக்கு அவரை அழைத்துப் போக டோங்கா கேட்டார்கள். தீண்டத்தகாதவரை வைத்து ஓட்ட மாட்டேன் என்றார்கள் டோங்காக்காரர்கள். கடைசியில் ஒரு சமரசம். வண்டியை வாடகைக்குத் தருவார்கள். ஓட்ட வர மாட்டார்கள். குதிரை வண்டியே ஓட்டிப் பழகாத ஒரு மகார் தோழர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் வண்டி நிலைகுலைந்து அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. அன்று புள்ளி முறை இருந்திருந்தால் எத்தனை புள்ளி, யாருக்கு? கடிவாளம் பிடித்த அந்த மகாருக்குத்தான். அனுபவமின்மை, கவனக்குறைவு என்று எழுதி முடித்திருப்பார்கள். ஓட்ட மறுத்தவன் கணக்கு சுத்தமாக இருந்திருக்கும்.

இவ்வளவும் புள்ளி ஏறிய பிறகு நடப்பவை. புள்ளி ஏறுவதற்கு முன் ஒன்று நடக்கிறது. யாரோ ஒருவர் கையைக் காட்டி உங்களை ஓரம் கட்டச் சொல்கிறார். யாரை நிறுத்துவது என்பது சட்டத்தில் இல்லை. அவர் கண்ணில் இருக்கிறது.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். "நீங்கள் அதிகம் தப்பு செய்கிறீர்கள், அதிகம் நிறுத்துகிறோம்" என்பதுதான் பதில். 2015இல் அமெரிக்க நீதித்துறை ஃபெர்குசன் நகரக் காவல் துறையைப் பற்றி வெளியிட்ட அறிக்கை இப்படிச் சொன்னது: மக்கள்தொகையில் 67 சதவீதம் கறுப்பினத்தவர், நிறுத்தப்பட்ட வண்டிகளில் 85 சதவீதம் அவர்களுடையவை, கைதானவர்களில் 93 சதவீதம் அவர்கள். ஃபிலாண்டோ காஸ்டில் என்ற பள்ளிக்கூடக் கேன்டீன் ஊழியரை 13 ஆண்டுகளில் 40 தடவைக்கு மேல் நிறுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலும் சில்லறைக் காரணங்கள். அபராதம் கட்ட முடியாமல் லைசென்ஸ் முடங்கும். முடங்கிய லைசென்ஸோடு ஓட்டியதற்கு மறுபடி அபராதம். 2016 ஜூலையில் கடைசியாக நிறுத்தினார்கள். காரில் உட்கார்ந்திருந்தபடியே போலீஸ் குண்டுக்குச் செத்தார்.

இந்தப் பாகுபாட்டை நிரூபிக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வழி பிடித்தார்கள். மாணவர்கள் இதைக் கவனியுங்கள். பகலில் ஓட்டுகிறவரின் தோல் நிறம் தெரியும். இருட்டினால் சரியாகத் தெரியாது. சூரியன் மறையும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே ஒரே மாலை ஏழு மணி ஒரு பருவத்தில் வெளிச்சம், இன்னொரு பருவத்தில் இருட்டு. ஏறத்தாழ 10 கோடி வாகனச் சோதனைப் பதிவுகளைச் சேர்த்து இப்படி ஒப்பிட்டார்கள். இருட்டிய பிறகு, நிறுத்தப்பட்டவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு குறைந்தது. முடிவு 2020இல் வெளியானது. குறை ஓட்டுநரிடம் இல்லை, பார்த்த கண்ணில் இருந்தது என்று அதற்குப் பிறகு யாரும் மறுத்துப் பேசுவது கஷ்டமானது. பல மாநிலங்களில் நிறுத்தப்பட்ட ஒவ்வொருவரின் இனத்தையும் பதிவு செய்து வைத்திருந்ததால்தான் இது முடிந்தது.

நமக்குச் சாதி தோலில் தெரியாது. அப்புறம் எப்படி என்று கேட்பவர்களுக்கு என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செக்கிங்கில் என் வண்டியை நிறுத்தினார்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், ஹெல்மெட், எல்லாம் இருந்தது. "சார், லைசென்ஸ் காட்டுங்க" என்றுதான் ஆரம்பித்தார் அந்தக் காவலர். அட்டையை வாங்கிப் பின்பக்கம் திருப்பி முகவரியைப் படித்தார். "காலனியா?" என்றார். அடுத்த வாக்கியம், "வண்டி யாருதுடா?" என் முகவரிக்கும் என் ஓட்டும் திறமைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் அன்று கேட்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. நம் பாக்கெட்டில் இருக்கும் பழைய அட்டைகளில் அது அச்சாகித்தான் இருக்கிறது. அட்டையைப் பார்க்காமலேயே கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. வண்டியில் ஒட்டியிருக்கும் நீல ஸ்டிக்கர், அண்ணல் படம், வண்டி எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பது. நாம் வண்டி ஓட்டுவதையே குற்றமாகப் பார்க்கும் ஊர்களும் இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்றது அவர் குடும்பம்.

ஆள் வேண்டாம், கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்வார்கள். கேமராவுக்குச் சாதி தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஓட்டியது யார் என்பதும் தெரியாது. நம்பர் பிளேட் மட்டும்தான் தெரியும். நம் தெருக்களில் ஓடுகிற வண்டிகளில் எத்தனை, மூன்று கை மாறியும் பேர் மாற்றாதவை? அண்ணன் பேரில் வண்டி, ஓட்டுவது தம்பி, அவசரத்துக்கு எடுத்துப் போவது பக்கத்து வீட்டுப் பையன். இத்தாலியில் ஓட்டியவர் யாரென்று தெரியாதபோது உரிமையாளரின் புள்ளியைக் கழிக்கும் விதி இருந்தது. அடுத்தவர் செய்த தப்புக்கு ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்று அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2005இல் அதை ரத்து செய்தது. இங்கே புள்ளி முறை வரும்போது முதல் வாதமாக இதை வையுங்கள்.

அப்படியானால் எதிர்க்க வேண்டுமா? என் கருத்து, எதிர்க்கக் கூடாது. காரணம், இப்போதிருப்பது இன்னும் மோசம். 2019 திருத்தச் சட்டத்தின் 194டி பிரிவைப் படித்துப் பாருங்கள். ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. முதல் தடவையிலேயே. எச்சரிக்கை கிடையாது, கணக்கு கிடையாது. நடைமுறையில் எல்லாருக்கும் இதைச் செய்வதில்லை. யாருக்குச் செய்வது என்பது நிறுத்துகிறவர் விருப்பம். அந்த விருப்பத்துக்கு ஒரு விலையும் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். இதோடு ஒப்பிட்டால், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, எழுத்தில் எச்சரித்து, பன்னிரண்டில் நிறுத்தும் முறை எவ்வளவோ மேல்.

ஆதரிக்கலாம், நிபந்தனையோடு. முதலாளிக்கும் புள்ளி ஏற வேண்டும். இது நடக்காத கனவு இல்லை. பிரிட்டனில் லாரி, பேருந்து நிறுவனங்களுக்கே புள்ளிக் கணக்கு இருக்கிறது. மூன்று ஆண்டு மீறல்களைக் கூட்டிச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, சிவப்பில் இருப்பவரின் வண்டிகளை அதிகம் சோதிக்கிறார்கள். நம் காண்டிராக்டர்களுக்கும் செங்கல் சூளைக்காரர்களுக்கும் அப்படி ஒரு கணக்கு இருந்தால், குட்டியானைக்குப் பதில் ஒரு வேன் வரும். அடுத்தது, நிறுத்தப்பட்ட ஒவ்வொருவரின் பதிவும் வேண்டும், சமூகப் பிரிவு உட்பட. அதைச் சாலையில் நிற்கும் காவலர் கேட்டு எழுதக் கூடாது. பிறகு தொகுப்பில் சேர்க்க வேண்டும். இதை எப்படிச் செய்வது என்பதில் எனக்கே இன்னும் முழுத் தெளிவு இல்லை. சட்டம் படிப்பவர்கள் யோசித்து எழுதுங்கள். மூன்றாவது, ஓட்டித்தான் பிழைக்கிறார் என்றால் லைசென்ஸை முழுக்கப் பிடுங்குவதற்கு முன் பயிற்சி கொடுத்துப் புள்ளியைக் குறைக்க வழி வேண்டும். ஜெர்மனியில் குறைந்த புள்ளி உள்ளவர்களுக்கு அப்படி ஒரு வகுப்பு உண்டு.

அது வரும்வரை இப்போதைய சட்டத்தில் இருப்பதையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காவலர் உங்கள் லைசென்ஸைப் பறிமுதல் செய்யலாம், முடக்க முடியாது. முடக்கும் அதிகாரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத்தான். 206ஆவது பிரிவின்படி, வாங்கும்போதே ஒரு தற்காலிக ஒப்புகைச் சீட்டு கொடுத்தாக வேண்டும். ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஹெல்மெட், வேகம் போன்ற குற்றங்களுக்காக லைசென்ஸை வாங்கியிருந்தால், அது திரும்பக் கிடைக்கும்வரை அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. 19ஆவது பிரிவின்படி முடக்குவதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். முடக்கிய ஆணை கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சீட்டுக் கொடுக்காமல் லைசென்ஸை மட்டும் வாங்கிக்கொண்டு "நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா" என்றால், அது பேரம் பேசக் கூப்பிடுவதுதான்.

படிப்பு வட்டத்தில் ஐந்து பேர் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். நம் பிள்ளைகளில் யாரை நிறுத்தினாலும் தேதி, நேரம், இடம், சொன்ன காரணம், லைசென்ஸைப் பார்ப்பதற்கு முன் எப்படிக் கூப்பிட்டார்கள், பார்த்த பிறகு எப்படிக் கூப்பிட்டார்கள், ரசீது கிடைத்ததா என்று எழுதி வைக்கிறோம். கேள்வி கேட்ட அந்த மாணவர்தான் நோட்டைப் பார்த்துக்கொள்கிறார். உங்கள் ஊரில் தொடங்க விரும்பினால் எழுதுங்கள், அதே கட்டங்களைப் போட்டு அனுப்பி வைக்கிறோம்.